மூன்று மடிப்புத் துணி

காலை ஐந்தே முக்கால் மணி. போடிநாயக்கனூரில் நான் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் அது முதல் விடியல். பின்பக்க ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு துணி. கிணற்றடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதை இரண்டு கைகளாலும் பிழிந்து, உதறி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மறுபடி நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேலைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் சும்மாதான் நின்றார்கள். துணியிலிருந்து வந்த வாடை மாடிவரை எட்டியது. மண்ணெண்ணெய் போலவும் இல்லை, பெட்ரோல் போலவும் இல்லை.

அவர்தான் வீட்டுக்காரர். ஏலக்காய் வியாபாரி. கீழே கடை, பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, அதற்குப் பின்னால் வீடு. துணி, காருக்கு டீசல் வடிகட்டும் துணி.

போடியில் அப்போது இருந்த கார்களை எல்லோருக்கும் தெரியும். டீசலில் ஓடிய கார் அவருடையது ஒன்றுதான். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஜெர்மன் கார். கறுப்பு. அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. ஒரு குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முன்பலகையில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஒரு கம்பி மெல்லச் சிவக்கும். அது நன்றாகச் சிவந்த பிறகுதான் எஞ்சின் கிளம்பும். கிளம்பிய பிறகு வரும் சத்தம் நெல் அரவை மில்லை நினைவூட்டும். முன்பெல்லாம் மலைப்பாதையில் வளைவுகளுக்கு அப்பாலிருந்தே அது கேட்குமாம். "பெரிய முதலாளி வாராக" என்று தோட்டத்து ஆட்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்களாம்.

டீசலை அப்போது போடியில் பாதிப் பேர் குரூடாயில் என்றார்கள். கிணற்று எஞ்சின்களுக்காகப் பீப்பாயில் வரும். துருவும் மண்ணும் கலந்திருக்கும். அதனால் வடிகட்டுவதில் தவறில்லை. எல்லோரும் ஏதாவது ஒன்றை வைத்து வடிகட்டத்தான் செய்தார்கள். அவர் வடிகட்டிய விதம் வேறு. பழைய மல் வேட்டியில் கிழித்த துணி. குடிதண்ணீருக்கு மடிப்பதைப் போல மூன்றாக மடித்துப் புனலின் வாயில் கட்டுவார். டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கும். டிரைவர் மாயாண்டி டீசல் டின்னைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்பார். கை வலித்தால் தோளில் சாய்த்துக்கொள்வார். முடிந்ததும் முதலாளி துணியை யாரிடமும் கொடுக்கமாட்டார். தானே சீயக்காய் போட்டுத் துவைத்து, கிணற்றடிக் கொடியில் காயப் போடுவார். துவைத்துத் துவைத்து அது மெலிந்து, ஓரம் பிசிறி, கைக்குப் பஞ்சு போல ஆகியிருந்தது. புதுத் துணி அடைக்கும், பழசுதான் நன்றாக இறங்கும் என்பது அவர் கணக்கு.

டீசல் மட்டுமில்லை. தண்ணீர், பால், மோர், இளநீர் எல்லாம் வடிகட்டித்தான் உள்ளே போகும். கிட்டங்கியில் பெண்கள் சலித்துத் தரம் பிரித்த ஏலக்காயை, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு இன்னொரு முறை தானே சல்லடையில் போட்டுச் சலிப்பார். "காத்தையும் வடிகட்டித்தான் மூச்சு விடுவாக" என்று அவர் மனைவி என்னிடம் ஒரு நாள் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "மலைக்காத்துக்கு வேண்டியதில்ல. ஒங்க ஊருக் காத்துக்குத்தான் வேணும்." அந்த அம்மாளின் ஊர் பக்கத்துக் கிராமமான சிலமலை.

பேச்சையும் அப்படித்தான் வடிகட்டினார். யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "யாரு பாத்தது?" இரண்டாவது, "நீ பாத்தியா?" மூன்றாவது கேள்வி இல்லை. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரிப்பார். மூன்று வாய் ஒன்றாகச் சொன்னால் நம்புவார்.

நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் போடி நிருபர். செய்திகளைக் கவரில் போட்டு மதுரை ரயிலில் அனுப்புவேன். யுத்த காலத்தில் நிறுத்தப்பட்ட ரயில் அப்போதுதான் பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மாலை அவர் கடையில் உட்கார்ந்து, சிலமலையில் கிணறு இடிந்து விழுந்த செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன்.

"யாரு பாத்தது, நிருபரே?"

"பஸ் கண்டக்டர் சொன்னார்."

"அவரு பாத்தாரா?"

"பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம்."

"அப்ப, 'பஸ்சுல யாரோ சொன்னாக'ன்னு எழுதுங்க. பொய்யில்லாம இருக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிலமலைக்குப் போனேன். கிணறு முழுதாக இருந்தது. கிணற்றடி மோட்டார் ரூமின் ஒரு பக்கச் சுவர் சரிந்திருந்தது. திரும்பி வந்து சொன்னபோது அவர் ஜெயித்துவிட்ட தோரணையில் எதுவும் பேசவில்லை. "காப்பி குடிங்க. வெயில்ல போயிருக்கீக" என்றார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. மலைமேல் பூப்பாறைப் பக்கம் குடும்பத்து ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு மேலேயே தங்கியிருந்தார். கிட்டத்தட்ட நான்கு வருடங்களாக இருவருக்கும் பேச்சில்லை. நான் போடிக்கு வருவதற்கு முன்பே உறவு முறிந்துவிட்டது. காரணத்தை மாயாண்டிதான் சொன்னார்.

ஒரு வருடம் மேலேயிருந்து இறங்கிய காய் நிறம் வெளுத்து வந்தது. பச்சை இல்லை. தம்பி நல்ல காயைக் கம்பத்து வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுக் கழிவை அண்ணனுக்கு அனுப்புகிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். அவர் உடனே நம்பவில்லை. வழக்கம்போல இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். தம்பிக்குச் சொல்லியனுப்பினார்: இனி காயை நீயே விற்றுக்கொள், இந்த வாசலுக்கு வர வேண்டாம்.

"மூணு பேரும் சொன்னது நெசந்தான் சார்" என்றார் மாயாண்டி. "ஆனா மூணு பேரும் கேட்டது ஒரே வாயில. கம்பத்து ஏவாரியோட தரகன் கெளப்பிவிட்ட சோலி. அந்த வருசம் மேல விடாத மழை. ஈர வெறகப் போட்டு ஸ்டோருல காய வச்சாக. பொகையில வெளுத்துப்போச்சு. அம்புட்டுத்தான்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"அடுத்த வருசமே தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன் போய்ப் பார்க்கவில்லை?"

"போகணும் போகணும்பாக. வண்டியத் தொடச்சு வைக்கச் சொல்லுவாக. முந்தல் வரைக்கும் போவோம். மலை ஏறாம, 'இன்னிக்கு வேணாம்ப்பா, காய் வருது'ன்னு திரும்பிருவாக."

முந்தல் மலையடிவாரம். அங்கிருந்துதான் போடிமெட்டுக்கு ஏற்றம் தொடங்குகிறது. நானே இரண்டு முறை அந்தக் கார் முந்தல் பக்கமிருந்து திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் பின்சீட்டில் நேராக உட்கார்ந்திருப்பார்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலை, கடை திறந்த சற்று நேரத்தில், தம்பியின் தோட்டத்துக் கங்காணி ஒரு லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி. இடுப்புவரை ஈரம்.

"பெரிய முதலாளி, சின்னவருக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. மூச்சு இழுக்குது. டாக்டரு வந்து பாத்துட்டு சொந்தக்காரவுகளுக்குச் சொல்லிவிடுங்கன்னுட்டாரு. சின்னவரு, 'எங்கண்ணனக் கூட்டியா'ன்னாரு."

கடையில் இருந்த எல்லோரும் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்து வரவேண்டிய கேள்வி எல்லோருக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நான் பாத்தேன் முதலாளி, என் கண்ணால பாத்தேன்" என்று கேட்பதற்கு முன்பே சொன்னார்.

முதலாளி எதுவும் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"மாயாண்டி, வண்டிய எடு. வெரசா."

மலைப்பாதையில் மண் சரிந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் மேலே போகவேண்டியிருந்தது. "ஏறுங்க" என்றார். கங்காணி சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஊருக்குள் போனார். முன்தினம்தான் டேங்க் நிறைய டீசல் ஊற்றியிருந்தார்கள். கம்பி சிவந்தது. கார் உடனே கிளம்பியது.

முந்தல்வரை சமதரை. எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. முந்தலில் மாயாண்டி பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். பின்சீட்டிலிருந்து, "போ" என்று குரல் வந்தது.

ஏற்றத்தில் சில வளைவுகள் தாண்டியதும் எஞ்சின் இருமியது. இழுவை குறைந்தது. நின்றுவிட்டது. மாயாண்டி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். பம்பின் மேலிருந்த ஒரு திருகைத் தளர்த்தி, கையால் அடித்து எண்ணெய் ஏற்றினார். நுரை வந்தது.

"காத்துப் பிடிச்சிருக்கு முதலாளி. எடுத்துட்டாப் போயிரும்."

நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை முடுக்கினார். கிளம்பியது. அரை மைல் போனது. மறுபடி நின்றது. மறுபடி நுரை.

இதைப் பிற்பாடு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று பார்த்தது முழுவதும் கண்ணெதிரே இருந்தது. சமதரையில் ஓடுகிறது, ஏற்றத்தில் நிற்கிறது. சற்று நேரம் சும்மா விட்டால் தானாகவே கிளம்புகிறது. எஞ்சினுக்கு டீசல் வந்துசேரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஆனால் டீசல் விஷயத்தில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஊரிலேயே சுத்தமான டீசல் அது. அதனால் எல்லோர் கண்ணும் பம்பின் மேலேயே இருந்தது. பம்புக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது.

மூன்றாவது முறை நின்றபோது அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்தது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "முதலாளி, ஏறிக்கங்க. மெட்டுல விட்டுர்றேன்" என்றார். முதலாளி லாரிப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து, மாயாண்டி குமிழை இழுத்ததும் கார் கிளம்பிக்கொண்டது. நல்ல கனமான சத்தம்.

"நீ போப்பா. வண்டி கெளம்பிருச்சு" என்றார்.

லாரி எங்களைத் தாண்டிப் போனது. புலியூத்து அருவிக்குக் கீழே கார் மறுபடி நின்றது. இந்த முறை நுரைகூட வரவில்லை.

"பம்புதான்" என்றார் அவர். "தெறந்து பாப்பம்."

"முதலாளி, ஈயச் சீலு வச்சிருக்கு. அத ஒடைக்கக்கூடாதும்பாக. மருதைக்குக் கொண்டுபோயி மிஷின்ல வச்சுத்தான் தெறப்பாக."

"எந்தம்பி மூச்சு மருதைக்குப் போயி வர்ற வரைக்கும் நிக்குமா?"

மாயாண்டி ஸ்பானரை எடுத்து நீட்டினார். ஈயச் சீலை உடைத்தது முதலாளியின் கைதான். வேலை முறையாக நடந்தது. கைப்பிடிச் சுவரில் துண்டை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் வைத்தார். கார்ப் பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்து ஒவ்வொன்றையும் துடைத்தார். சாரல் விழாமல் நான் குடை பிடித்தேன். தூசி எதுவும் இல்லை. எல்லாம் கண்ணாடிபோல இருந்தன. திரும்ப மாட்டி முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் அந்த எஞ்சின் இருமக்கூட இல்லை.

நடக்கத் தொடங்கினோம். மலையில் அவர் வேகமாக நடந்தார். மாலை பஸ் எங்களை எட்டிப் பிடித்து ஏற்றிக்கொண்டது. போடிமெட்டில், லாரிக்காரர் சொல்லி வந்த பக்கத்துத் தோட்டத்து ஜீப் காத்திருந்தது. ஜீப்பில் இருந்தவர் இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தம்பியின் மூச்சு நின்றிருக்கிறது.

தோட்டத்து வீட்டில் அவர் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. பக்கத்தில் நின்றிருந்த சமையல்காரரைப் பார்த்து, "ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார்.

"மத்தியானத்துல இருந்து ஒண்ணுதான் கேட்டாரு முதலாளி. 'அண்ணன் வண்டிச் சத்தம் கேக்குதா பாரு'ன்னாரு. கேக்கலயேன்னா, 'வெளிய போயிக் கேளு'ன்னாரு."

"யாருகிட்டக் கேட்டான்? ஒங்கிட்டயா?"

"எங்கிட்டத்தான் முதலாளி. நாந்தான் வெளிய போயிப் போயிக் கேட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாடு கட்டிக் காரை இழுத்து வந்து கிட்டங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தேனி பஸ் ஷெட்டில் வேலை பார்த்த சேவியர் என்ற மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தார். வாய் ஓயாத மனிதர்.

"மாப்ளே, ஜெர்மன்காரன் பூட்டுன பூட்ட ஒடைச்சது யாரு? நீயா? ஒன் வீட்டு அலமாரின்னு நெனச்சியா?"

"பேசாமச் சோலியப் பாருங்கண்ணே" என்றார் மாயாண்டி. "அவுக உள்ள இருக்காக."

சேவியரும் பம்பைத்தான் குற்றம் சொன்னார். கழற்றி மதுரைக்கு அனுப்பினார். இரண்டு மூன்று வாரத்தில் அது புதுச் சீலோடு திரும்பி வந்தது. மாட்டினார். கார் கிளம்பியது. மாயாண்டியும் சேவியரும் முந்தலுக்கு ஓட்டிப் போனார்கள். ஏற்றத்தில் அதே இடத்தில் நின்றது.

மறு ஞாயிறு சேவியர் பம்பைத் தொடவேயில்லை. எதிர்முனையிலிருந்து தொடங்கினார். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டத்தைப் பார்த்தார். நூல் போல வந்தது, பிறகு சொட்டியது. குழாயில் வாய் வைத்து ஊதினார். போகவில்லை. டேங்கின் அடியில் இருந்த கம்பி வலையைக் கழற்றி வெளியே எடுத்தார். வலை தெரியவில்லை. அதன்மேல் வெள்ளையாக, கெட்டியாக, இலவம்பஞ்சு போல ஒன்று படிந்திருந்தது. நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

"இதென்ன மாப்ளே, டேங்குக்குள்ள தலகாணி தச்சு வச்சிருக்கீக?" என்று சிரித்தார் சேவியர். விரலால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தார். "நூலு. துணிப் பிசிறு. எதுலய்யா வடிகட்டுறீக?"

மாயாண்டி கிணற்றடிப் பக்கம் திரும்பினார். கொடியில் அந்தத் துணி காய்ந்துகொண்டிருந்தது. சேவியரும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாயாண்டி குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அவுககிட்ட இதச் சொல்லிராதீக."

"அடைப்புத்தானய்யா. சொன்னா என்ன?"

"சின்னவரு கடைசி வரைக்கும் வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே போனாரு. இவுக தன் கையால தொவச்ச துணிதான் வண்டிய நிப்பாட்டுச்சுன்னு எந்த வாயால சொல்ல? பம்புன்னே இருக்கட்டும்ணே."

சேவியர் வலையைச் சுத்தம் செய்து மாட்டினார். பஞ்சை உருண்டையாக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எஞ்சினைக் கிளப்பினார். சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

"என்ன சேவியரு, என்னவாம்?"

"பம்புதான் முதலாளி."

"அது மருதையிலயே சரி பண்ணிட்டாகன்னியே."

"ஒரு ஸ்பிரிங்க விட்டுட்டாக முதலாளி. இப்பப் போட்டாச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் முதலாளி."

"மாயாண்டி, நீ?"

"பாத்தேன் முதலாளி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நிருபரே, நீங்க?"

"பார்த்தேன்" என்றேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சேவியரின் முழங்கையில் கிரீஸோடு சேர்ந்து ஒரு வெள்ளை இழை ஒட்டியிருந்தது. முதலாளி எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கே பார்வை நின்றது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "சரி, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று சேவியரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழித்துப் பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். கிணற்றடியில் யாரும் இல்லை. கொடியில் ஒரு துண்டும் இரண்டு சேலைகளும் கிடந்தன. அந்தத் துணி இல்லை.